நாற்பது விநாடி விளக்கு

ரெமிகியுஷ், நீ கேட்டாய்:
"பயந்தீங்களா? உள்ளதைச் சொல்லுங்க."
எழுதித் தருகிறேன் என்றேன்.
டிராம் பணிமனையின் பழைய கால அட்டவணை,
அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
முன்பக்கத்தைப் பொருட்படுத்தாதே,
அந்த வண்டிகள் இப்போது ஓடுவதில்லை.

நான் கடைசியாக ஆடியது
பட்டன் போனில் பாம்பு.
தன் வாலைத் தானே கடித்துச் செத்தது.
உன் விளையாட்டில் எனக்குக் கைகள் மட்டும்.
குனிந்து பார்த்தேன், கால் இல்லை.
பேய் நான்தானோ என்கிற சந்தேகம்
அங்கேயே தட்டியது.

பிறகு படிக்கட்டு.
வூச் நகரத்தில் ஆயிரம் பழைய கட்டிடம் இருக்கிறது,
கைப்பிடியில் பல்லிளிக்கும் அந்த ஆணி நம்முடையது மட்டும்தான்.
பொத்தானை அமுக்கினால்
நாற்பது விநாடி வெளிச்சம். அப்புறம், டக்.
துப்பாக்கி தரவில்லை, கத்தி தரவில்லை.
ஐந்து தீக்குச்சி,
கீழிருந்து ஏறி வரும் ஏதோ ஒன்று.

மற்றவர்கள் இந்த இடத்தில் அலறினார்களாம்.
நான் பதினோரு வருடமாக இரவுப் பணி முடித்து
இரண்டு பையோடு
அதே நாற்பது விநாடிக்குள் மூன்று மாடி ஏறுகிறவள்.
ஏழாம் படி முனகும்,
சுவரோரம் மிதித்தால் முனகாது.
இரண்டாம் மாடித் திருப்பத்துப் பொத்தான் வேலை செய்யாது;
அதையும் விடாமல் வைத்திருக்கிறாய்.
அதற்காகக் குடியிருப்போர் சங்கத்துக்கு
நான் போட்ட மூன்று மனுவும்
கடைசியில் ஒரு விளையாட்டுக்குப் பயன்பட்டது.

குறையும் சொல்ல வேண்டும்.
முதல் மாடியில் வெங்காயம் வதங்கும் வாசம் இல்லாமல்
அது நம் படிக்கட்டில் பாதிதான்.
அதற்கு நீ என்ன செய்வாய்.
தபால் பெட்டியில் கிடைக்கும் கடிதத்தின் எழுத்து
ரொம்பப் பொடி.
சாகப் போகிறவர்கள் மூக்குக் கண்ணாடி தேடமாட்டார்கள்.

அந்த ஜந்து கண்ணில் படவே இல்லை. நல்லது.
சத்தம் மட்டும்:
முதலில் குழாயில் தண்ணீர் இறங்குவது போல,
அப்புறம் நனைந்த கம்பளத்தை யாரோ இழுப்பது போல,
அப்புறம்

நிறுத்தினேன்.
மறுபடி ஓட்டினேன்.
ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனை விலக்கிவிட்டுக் கேட்டேன்.

அது இருமல்.
ரெமிகியுஷ், அது என் இருமல்.
இழுத்து நீட்டியிருக்கிறாய்,
கிணற்றுக்குள் இறக்கியிருக்கிறாய்.
ஆனாலும் முடிவில் ஒரு விக்கல் போல மேலே ஏறுமே,
மார்பு மருத்துவர் தன் மாணவர்களைக் கூப்பிட்டு
காது கொடுக்க வைத்த அந்த ஏற்றம்,
அதை மட்டும் மறைக்க உனக்கு மனசு வரவில்லை.

போன பிப்ரவரி. மூன்று வாரம்.
என் தரைதான் உன் கூரை.
அதன் அடியில் மைக்கை உயர்த்திப் பிடித்து
மூச்சடக்கி நின்றிருக்கிறாய்.
கேட்பாரில்லாமல் கிடந்தேன் என்று
பணிமனையில் க்ரஜினாவிடம் சொல்லியிருந்தேன்.
அதைத் திருத்த வேண்டும்.
நீ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.
விசாரிக்கத்தான் இல்லை.

கோபமா? தெரியவில்லை.
ஆட்டத்தை மூடாமல் மேலே ஏறினேன்.
மூன்றாம் மாடி, என் கதவு, வெளியே என் குடை.
கைப்பிடியைத் திருப்பினேன்.
"உள்ளிருந்து பூட்டப்பட்டுள்ளது."
உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது,
அதனால் அப்படி எழுதியிருப்பாய்.
நான் அங்கேயே நின்றேன்,
இல்லாத என் கால்களோடு.
விளக்கு அணைந்தது.
பயந்தது அப்போது மட்டும்தான்.

இதை உன் கதவுக்கடியில் தள்ள
இன்றிரவு இறங்கி வருவேன்.
பொத்தானை அமுக்கமாட்டேன்.
ஏழாம் படியை நடுவில் மிதிப்பேன்.
உன் வாசலில் நின்று
ஒரே ஒரு தடவை, நிதானமாக, இருமுவேன்.
நீ இதைப் படிக்கும்போது
எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

பயந்தாயா?
உள்ளதைச் சொல்.

போக்னா, மூன்றாம் மாடி

பி.கு.: தீக்குச்சி ஐந்தும் அப்படியே இருக்கிறது.